தாய்மாமன் வராத காதுகுத்து



போன மாதம் என் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டு அழ, கூடியிருந்தவர்கள் சிரித்துத் தேற்றினார்கள். என் அப்பா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். எண்பத்தைந்து வயது அவருக்கு.

"என்னப்பா?" என்றேன்.

"எனக்குக் காது குத்துறப்ப மாமன் வரலை தாயி. பக்கத்து வீட்டுப் பூட்டுப் பட்டறைக்காரர் மடியில வச்சுத்தான் குத்துனாக."

"அப்பத்தாவுக்கு அண்ணன் தம்பி கிடையாதா?"

"இருந்தாக. மலையில இருந்தாக. வெளியில சொல்லக் கூடாதுன்னு தாத்தா சத்தியம் வாங்கிட்டாரு."

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் அப்பத்தா, சிறுமலையில் பிறந்த பளியர் பெண்!

சிறுமலை, பழனிமலை, வருசநாட்டு மலைகளின் பூர்வகுடிகள் பளியர்கள். தேன் எடுப்பதும், கிழங்கு தோண்டுவதும், மூலிகை சேகரிப்பதும் அவர்கள் வழிவழியாகச் செய்து வந்த வேலை. தாத்தா, சிறுமலை வாழைத்தார்களைக் குதிரையில் ஏற்றித் திண்டுக்கல் மண்டிக்குக் கொண்டு வருபவர். மலைப்பாதையில் தேன் கொண்டு வந்த பெண்ணிடம் மனசைக் கொடுத்து விட்டார். கூட்டிக்கொண்டு கீழே இறங்கியதும், "நத்தம் பக்கத்துப் பெண், தாய் தகப்பன் இல்லை" என்று சொல்லிப் புதுப் பெயரும் வைத்து விட்டார். ஆசையாகத்தான் வைத்துக் கொண்டார். ஒரு நாளும் கை நீட்டியதில்லையாம். ஆனால் பிறந்த வீட்டை மட்டும் அவளிடமிருந்து எடுத்து விட்டார்.

வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்த வேடர் மகள் என்று வள்ளியம்மன் கதையைக் குழந்தைகளுக்குப் பெருமையாகச் சொல்கிறோம். நம் வீட்டுக்கே வந்த வள்ளியை மறைத்து வைத்தோமே!

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை மகளிடம் போனில் இதைச் சொன்னேன். அவள் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். 1987-ல் சாலி மார்கன் என்ற பெண்மணி எழுதிய 'மை ப்ளேஸ்'. அந்த நாட்டுப் பூர்வகுடி வம்சம் அவர். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "நாங்கள் இந்தியர்கள்" என்று சொல்லும்படி அவரை வளர்த்தார்களாம்! பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து அரசாங்கமே பிரித்துக் கொண்டு போன நாடு அது. அதற்காகப் பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13-ந் தேதி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அங்கே அரசாங்கத்துக்குப் பயம். இங்கே சொந்தக்காரர்களின் நாக்குக்குப் பயம்.

அப்பாவை சிறுமலைக்கு அழைத்துப் போனேன். 25 கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. எண்பத்தைந்து வருஷமாகப் போகாத தாய்வீடு, ஒரு மணி நேரத்தில் வந்து விட்டது! பளியர் குடியிருப்பில் ஒரு பாட்டி எங்களுக்காகக் கிழங்கு தோண்டினார். கிழங்கை எடுத்துக் கொண்டு, கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை மறுபடி மண்ணில் புதைத்தார், திரும்ப முளைக்கட்டும் என்று.

"எங்கம்மா கொல்லையில இப்படித்தான் செய்யும்" என்றார் அப்பா, குரல் அடைக்க.

"உங்க அம்மா பேரென்ன சாமி?" என்று பாட்டி கேட்டார். கீழே வைத்த பெயர்தான் எங்களுக்குத் தெரியும். மலையில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவுக்கே தெரியாது. அந்தப் பெயர் தாத்தாவோடு போய் விட்டது.

இளம் தாய்மார்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரு பக்கத்துப் பாட்டி, தாத்தாக்களின் பெயர், பிறந்த ஊர், அவர்களுக்கு இருந்த சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இருதயக் கோளாறு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாளைக்கு டாக்டர் கேட்கும்போது உதவும். பாட்டியிடம் கேட்கும்போது, "பிறந்த வீட்டில் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?" என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. காட்டுக் கிழங்குகளில் விஷமுள்ளவையும் உண்டு. தெரிந்தவர்கள் அடையாளம் காட்டாமல் வாங்கிச் சமைக்காதீர்கள்.

அடுத்த காதுகுத்துக்குச் சிறுமலைக்கும் ஒரு பத்திரிகை போகும். அப்பா இப்போதே சொல்லி விட்டார்.