மனசைப் பூட்டாதீர்கள்!



2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 'ஹையா, லீவு!' என்று குதித்தவர்கள்தான் முதலில் அதிகம். ஆனால், அந்த லீவு முடியவே இல்லை! தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போன பிள்ளை, திரும்பி வந்து உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பில்! நடுவில் இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்காரவே இல்லை.

விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க, அரசு 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால், பாடம் மட்டும்தானா விட்டுப்போனது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் போனால் தெரியும். அங்கே பல வீடுகளில் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. ஊரடங்கில் இரண்டும் நின்றன. வெளிநாடுகளிலும் கடைகள் மூடிக் கிடந்ததால், ஷூ ஆர்டர்கள் ரத்தாயின. வாடகை, கடன் என்று பெரியவர்கள் ராத்திரியில் மெதுவாகப் பேசினாலும், பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் காதில் விழாதா? கம்பெனி திறந்ததும் அம்மா வேலைக்குப் போனார். வீட்டில் இருந்த ஒரே செல்போனும் அவரோடு போனால், ஆன்லைன் வகுப்பு ஏது?

பள்ளிக்கூடம் என்றால் கணக்கும் அறிவியலும் மட்டுமா? வரிசையில் நின்று சத்துணவு வாங்குவது, சேர்ந்து விளையாடுவது, 'காய்' விட்டு மறுநாளே 'பழம்' விடுவது எல்லாமும்தான். இவை நின்றுபோனால் மனம் வாடும். வாடிய மனம், 'நான் வருத்தமாக இருக்கிறேன்' என்று எப்போதும் நேராகச் சொல்லாது. காலையில் 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லும். ராத்திரி தூங்காமல் புரளும். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழும். விளையாடக் கூப்பிட்டால் 'வரலை' என்று சொல்லும்.

இதைப் புரிந்துகொள்ளாமல், 'நடிக்கிறான்', 'சோம்பேறி' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அது தப்பு! காய்ச்சல் வந்தவனைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

'கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?' என்று கேட்கலாம். பள்ளியைத் திறக்க ஓர் உத்தரவு போதும். பயந்து சுருங்கிய மனசு அப்படி ஒரே நாளில் திறக்காது. அன்று பேசாமல் போன பிள்ளை, இன்று உங்கள் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் இருக்கலாம். வீட்டில் அக்காவாக, அண்ணனாகவும் இருக்கலாம்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியைத் தனியே விடாமல், வீட்டாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை அங்கே 1950-களிலேயே கொண்டுவந்தார்கள். மனசு சரியாக, மருந்தோடு பக்கத்தில் ஆளும் வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்!

அந்த ஆளாக நீங்களும் இருக்கலாம். ஒதுங்கி இருக்கும் நண்பனிடம் போய் உட்காருங்கள். அறிவுரை எதுவும் வேண்டாம். அவன் சொல்வதைக் கேட்டாலே போதும். அவன் சொன்னது உங்களுக்கே பயமாக இருந்தால், 'ரகசியம்' என்று மறைக்காமல் ஆசிரியரிடமோ, அம்மா அப்பாவிடமோ உடனே சொல்லிவிடுங்கள். அது கோள் சொல்வது ஆகாது.

உங்களுக்கே மனசு கனக்கிறதா? நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

நாளை இடைவேளையில், கூப்பிட்டாலும் வராத அந்த நண்பனை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், சரிதானே?