மூன்றாம் செயலாளர் எங்கிருந்து வருகிறார்?

கல்முனைப் பக்கம் மூத்தவர்களிடம் "தூதுவர்" என்று சொன்னால் ஏ.ஆர். மன்சூரின் பெயர் வரும். 1977இல் நாடாளுமன்றம் சென்று, வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராகி, பின்னாளில் குவைத்தில் இலங்கைத் தூதுவராக இருந்தவர். அந்த நியமனத்தில் ஊருக்குப் பெருமைதான். ஆனால் அதிலிருந்து திருக்கோவில் முதல் மருதமுனை வரை நாங்கள் ஒரு பிழையான பாடத்தையும் படித்துக்கொண்டோம். தூதரகம் என்பது அரசியலில் உழைத்தவருக்குக் கிடைக்கும் கதிரை, படிக்கிற பிள்ளைக்கு அங்கே வேலையில்லை என்ற பாடம் அது.

தூதுவரை ஜனாதிபதி நியமிக்கிறார். நாடாளுமன்றத்தின் உயர் பதவிகள் குழு பார்க்கிறது. அந்தக் கதிரைக்குக் கீழே இருக்கும் மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர் எல்லாம் இலங்கை வெளிநாட்டுச் சேவைக்காரர்கள். திறந்த போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர்கள். அவர்களில் சிலர் தூதுவராகவே உயர்கிறார்கள். ஓமானிலும் பிறகு சவூதியிலும் தூதுவரான அமீர் அஜ்வத் அப்படி வந்தவர். 1949இல் இந்தச் சேவை தொடங்கியபோது முதல் அணியிலேயே யோகேந்திரா துரைசுவாமி இருந்தார். ஏ.சி.எஸ். ஹமீதும் லக்ஷ்மன் கதிர்காமரும் வெளிநாட்டமைச்சர்களாகவே இருந்துவிட்டார்கள். ஆனால் மேலே அமைச்சர் ஒருவர் இருப்பதால் கீழ்ப்படிகள் தானாக நிரம்புவதில்லை.

கீழ்ப்படி ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு மூதூர் ரிசானா நபீக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2005இல் வீட்டுவேலைக்குப் போன அந்தப் பிள்ளைக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவளது முதல் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரியாகத் தெரிந்திருந்ததா என்ற கேள்வி கடைசிவரை தீரவில்லை. தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். அது யாருக்கும் தெரியாது. ஆனால் கிழக்கின் பெண்கள் வளைகுடாவில் சிக்கலில் மாட்டும்போது தூதரகத்தில் தொலைபேசியை எடுப்பவருக்கு அவர்களுடைய பேச்சு விளங்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை அல்ல.

வெளியுறவு எங்கள் வாசலுக்கே வந்த கதையும் உண்டு. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் எழுந்த 500 வீடுகள், யாருக்குப் பங்கிடுவது என்ற வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. கொடுக்கும் நாட்டின் மனமும் உள்ளூரின் இனக் கணக்கும் தெரிந்தவர்கள் இரண்டுக்கும் நடுவே எத்தனை பேர் இருந்தார்கள்?

சரி, பாதை என்ன? பட்டம் வேண்டும். அது சர்வதேச உறவுகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விஞ்ஞானப் பட்டதாரியும் எழுதலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்தவருக்கு ஒரு முந்துகை உண்டு, அவ்வளவுதான். வர்த்தமானி அறிவித்தல் வந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சையைத் தமிழில் எழுத முடியும். ஆங்கிலத்தில் தடுமாறுபவர் மட்டும் கரையேற முடியாது.

எங்கள் பிள்ளைகள் விழுவது இங்கேதான். பல்கலைக்கழக அனுமதியில் அம்பாறை பின்தங்கிய மாவட்டம்; வெட்டுப்புள்ளி இறங்கிக் கை கொடுக்கிறது. வெளிநாட்டுச் சேவையில் மாவட்டக் கணக்கு இல்லை. கொழும்புப் பாடசாலைகளில் ஆங்கிலத்தோடு வளர்ந்தவரோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். போதாக்குறைக்குப் பரீட்சை ஆண்டுதோறும் வருவதில்லை. இந்தியாவில் யூபிஎஸ்சி ஆண்டு தவறாமல் நடப்பதால் அங்கே தயாரிப்பு ஒரு பழக்கமாகவே இருக்கிறது. இங்கே அறிவித்தல் வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் நேரம் போதாது. அடுத்ததற்குக் காத்திருந்தால் வயதெல்லை கடந்துவிடும்.

பண்டாரநாயக்க சர்வதேச இராஜதந்திரப் பயிற்சி நிறுவகம் நடத்தும் டிப்ளோமா பயனுள்ளது. ஆனால் அது பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது; திருக்கோவில் பிள்ளை அதற்காக இரவு பஸ் ஏற வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிக்கென்றே ஒரு பீடம். ரியாத், டோஹா, மஸ்கட் தூதரகங்களுக்குத் தேவையான அரபு எங்கள் கரையில் மலிந்து கிடக்கிறது. அதை ஆங்கிலத்தோடும் உலக அரசியலோடும் சேர்த்துக் கட்ட ஆளில்லை. அந்த டிப்ளோமாவின் வகுப்பொன்றை ஒலுவிலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது, புதிய கட்டடம் கேட்பதைவிட மலிவான கோரிக்கை. எங்கள் எம்பிமாருக்குக் கட்டடம்தான் பிடிக்கும் என்பது வேறு கதை.

சிங்களத்தையும் விடமுடியாது. அரச உத்தியோகத்தர் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். சிங்கள ஊர்களைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் மாவட்டத்துக்கு இது அவ்வளவு கடினமாக இருக்கக்கூடாது.

"இவ்வளவு படிச்சும் எடுபடாட்டி?" என்று வாப்பா ஒருவர் கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. பொது அறிவு, நுண்ணறிவு, ஆங்கிலம் என்று இதற்குச் செய்த தயாரிப்பில் பெரும்பகுதி இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் உதவும். அதில் தேறியவர் கச்சேரியில் உட்காரலாம்.