காசுக்கேற்ற பணியாரமா ஆபரேஷன்?

ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "இங்க வேணாம்ப்பா. நகைய வெச்சாவது பிரைவேட்ல பாத்துடலாம்." சொல்பவர் அன்றாடக் கூலிக்காரராகவும் இருப்பார். ஆபரேஷனும் காசுக்கேற்ற பணியாரம்தான், தர்மாஸ்பத்திரியில் கத்தி வைத்தால் புண் ஆறாது என்று ஊரே அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

அது பொய். அந்தப் பொய்க்கு வட்டி கட்டுவது ஏழைக் குடும்பங்கள்.

1911இல் தொடங்கிய இந்த மருத்துவமனையில், காலா அசார் நோயின் கிருமியை அடையாளம் கண்ட சார்லஸ் டோனவன் கண்காணிப்பாளராக இருந்தார். இன்று இது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. தனியாரில் பெருந்தொகை வாங்கும் சர்ஜன்களில் பலர் கத்தி பிடிக்கப் பழகியதே இப்படிப்பட்ட அரசு வார்டுகளில்தான்.

அறுத்த இடத்தில் சீழ் பிடிக்காமல் காப்பது எது? எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் பார்க்கலாம். எஃகு டிரம்மில் பச்சைத் துணிகளை அடுக்கி, ஆட்டோகிளேவுக்குள் வைத்து, 121 டிகிரி நீராவியில் வேகவைக்கிறார்கள். டிரம்மில் ஒட்டிய நாடாவின் வெளிறிய கோடுகள் கறுத்திருந்தால் சூடு பட்டிருக்கிறது. கறுக்காவிட்டால் அந்த டிரம்மைத் தொடவே கூடாது. அந்தக் கோடுகளை ஒரு நர்ஸ் ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்க்கிறாரா என்பதே கேள்வி. ஏசி அறைக்கும் பளிங்குத் தரைக்கும் இதில் பங்கில்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிந்தால்தான் சுத்தம் என்பதும், விலை கூடினால் தரம் கூடும் என்ற இதே நம்பிக்கையின் இன்னொரு கிளை. 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை என்றோ உடைத்துவிட்டது. கருவிகளைக் கிருமி நீக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒரே சொட்டுமருந்துக் குப்பி பலருக்கும் பயன்படுகிறது. 1992 முதல் லென்ஸையும் தங்கள் ஆரோலேப் நிறுவனத்தில் தாங்களே செய்கிறார்கள். அங்கே அறுவை செய்த 6 லட்சத்துக்கும் அதிகமான கண்களை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தியதும் உட்கண் தொற்று 10,000க்கு 7இலிருந்து 2ஆகக் குறைந்தது தெரிந்தது. தூக்கியெறிவதும் குறைவு; அங்கே ஒரு கண்புரை அறுவை வெளியேற்றும் கரிமம், பிரிட்டனில் அதே அறுவை வெளியேற்றுவதில் சுமார் 5 விழுக்காடுதான். இலவசப் பிரிவிலும் கட்டணப் பிரிவிலும் அதே டாக்டர்கள்தான் மாறி மாறி அறுவை செய்கிறார்கள்.

குடலிறக்கத்துக்கும் இதே கதைதான். அதற்கு வைக்கும் வலை கம்பெனிப் பெட்டியில் வந்தால்தான் நிற்கும் என்றார்கள். மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்துத் தைத்தார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் அத்தகைய மலிவு வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016இல் முடிவு வந்தது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை எட்டாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. அவர்களுக்குக் கைகொடுக்கப்போவது இத்தகைய மலிவு வழிகள்தான்.

அரசு மருத்துவமனைகளில் குறையே இல்லையா? இருக்கிறது. காத்திருப்பு நீள்கிறது, படுக்கை போதவில்லை, சிடுசிடுப்பு மனத்தைக் குத்துகிறது. ஆனால் இவை ஆள், இடப் பற்றாக்குறையின் விளைவு. இலவசம் என்பதால் வந்தவை அல்ல. குரல் கொடுக்கக்கூடியவர்கள் எல்லாம் பிரைவேட்டுக்குப் போய்விட்டால், வரிசையில் மிஞ்சுபவர்களுக்காக யார் கேட்பது?

ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும், அரசானாலும் தனியாரானாலும், சென்ற மாதம் எத்தனை அறுவை, அதில் எத்தனை பேருக்குத் தொற்று என்று அரசு எழுதி வைக்கச் செய்யட்டும். அதுவரை, அடகுக் கடைப் படியேறும் முன் இரண்டு இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்பவரிடம் உடம்பைக் கொடுங்கள்.