நாவறியும் மொழி

உணவின் சுவையையும் பதத்தையும் ஆங்கிலம் உரைக்குமாறு போலத் தமிழ் உரைக்கமாட்டாது என்று நம் மாணவருள் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். கூறுவதோடு அமையாது, அம்மொழியின் மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தம் கட்டுரைகளிலும் பெய்துவிடுகின்றனர். 'அவன் வாயில் வெண்ணெயும் உருகாது' என்று எழுதினால் தமிழறிந்தான் ஒருவன் யாது பொருள் கொள்வான்? காய்ச்சல் தணிந்தது போலும் என்றன்றோ மகிழ்வான்!

ஜான் ஹேவுட் என்பார் 1546ஆம் ஆண்டில் வெளியிட்ட பழமொழித் தொகுதியிலேயே இடம்பெற்ற பழந்தொடர் அது. தீது ஒன்றும் அறியார் போலத் தோற்றி ஒழுகுவாரைக் குறிப்பது. நம் வீட்டுப் பாட்டிமார் இதனையே, 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்பர். கருத்து ஒன்று, அடுக்களைதான் வேறு. ரொட்டி சுட்டு உண்போர் முதிராத யோசனையைப் 'பாதி சுட்டது' என்றனர். சோறு வடித்து உண்ணும் நாம் 'அரைவேக்காடு' என்றோம். இதனைப் 'பாதி சுட்ட யோசனை' என்று தமிழில் எழுதுவது எற்றுக்கு?

பொருள்களின் பதத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. எனினும் அவையும் வேறிடத்தினின்று வந்து குடியேறினவே. 'கிரிஸ்ப்' என்பது சுருண்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'டெக்ஸ்சர்' என்பதோ நெய்தற்றொழிலைச் சார்ந்தது. நம் 'பதம்' அடுப்பங்கரையிலேயே பயின்ற சொல். வெல்லப்பாகு இருவிரலிடையே இழையாக நீண்டால் கம்பிப்பதம். நீரிலிட்டுத் திரட்ட வருமாயின் உருட்டுப்பதம். சோறு குழைகிறது, பருப்பு மசிகிறது, முறுக்கு மொறுமொறுக்கிறது. மழைக்காலத்து அப்பளமோ நமுத்துப்போகிறது. நமுத்தலுக்கு நேரான ஒற்றைச் சொல்லை ஆங்கில அகராதியில் தேடுவார் தேடுக. சுடுதலுக்கும் உறைத்தலுக்கும் 'ஹாட்' என்னும் ஒரு சொல்லையே பெரும்பாலும் வழங்கும் மொழியினிடம், சுவை நுட்பத்திற்காக நாம் கையேந்தி நிற்பது நகைப்பிற்குரியது. இவ்வளவு இருந்தும் உணவுச்சாலைப் பலகைகளில் 'கிரிஸ்பி தோசை' என்றே எழுதுகின்றனர். முறுகல் தோசைக்கு அங்கே இடமில்லை.

மொழிபெயர்ப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு, நம் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருமொழிபெயர்ப்பே தக்க சான்று. தந்தையர் உண்ட புளிப்பால் மைந்தரின் பற்கள் வருந்தும் என்னும் பொருளுடைய பழமொழியொன்று எரேமியா 31ஆம் அதிகாரத்திலும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்திலும் வருகின்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு, பற்கள் 'விளிம்பில் வைக்கப்பட்டன' என்பது போன்ற தொடரால் இதனைக் கூறும். அத்தொடர் ஆங்கிலத்தில் நிலைத்து, இந்நாளில் செவிக்கினாத ஓசையையும் குறிக்கின்றது. நம்மவரோ விளிம்பையும் நாடவில்லை, ஓரத்தையும் நாடவில்லை. புளியங்காய் கடித்த சிறுவர் யாவரும் அறிந்த 'கூசுதல்' என்னும் சொல்லை எடுத்தாண்டனர்.

அதனினும் வியத்தற்குரியது அக்கனியின் பெயர். ஆங்கிலத்தில் அது 'புளிப்பான திராட்சை'. (எட்டாத பழத்தைப் புளிக்குமென்று இகழ்ந்த ஈசாப்பின் நரிக் கதையால் வந்த வழக்கு வேறு, இது வேறு, இரண்டையும் மயக்குவார் உளர்.) அதனைப் 'புளித்த திராட்சை' என்று பெயர்த்திருப்பின், மாவும் மோரும் புளித்தல் கண்ட நம் மக்கள் நொதித்த மதுவையன்றோ எண்ணியிருப்பர்! மூலமாகிய எபிரெயச் சொல்லோ முதிராத திராட்சையையே சுட்டுவது. காயென்றும் கனியென்றும் பிரித்தறியும் தமிழில் அதற்கு அடைமொழியும் வேண்டுவதில்லை. 'திராட்சக்காய்' என்றனர். புளிப்பு என்னும் சொல்லே அங்கில்லை. ஆயினும் படிக்கும்போதே பல் கூசுகின்றது.