பெட்டியின் விலை

“கல்விதான் இலவசமாயிற்றே, இன்னும் ஏன் முறையீடு?” என வினவும் கனவான்களைக் குருநகர்க் கடற்கரைக்கு அழைக்கிறோம். பேராதனைக்கு அனுமதி பெற்ற பிள்ளைக்குக் கடற்றொழிலாளி வீட்டில் பெட்டி அடுக்கும் நாளில் வந்து பாருங்கள். தலையணை, விரிப்பு, நுளம்புவலை, வாளி, மலைக்குளிருக்குக் கம்பளிச் சட்டை, மிளகாய்த்தூள், புட்டுமா என ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. அவ்விலைக்குத் தாயின் தோடு அடகுக்குப் போகிறது. இழுவைப் படகு வலையை அறுத்துச் சென்ற மாதத்தில் அனுமதிக் கடிதம் வந்தால் அடகுவைக்கத் தோடும் எஞ்சுவதில்லை.

1945இல் கன்னங்கராவின் திட்டம் கல்விக் கட்டணத்தை ஒழித்தது. அப்பெருஞ்செயலைப் போற்றுகிறோம். ஆனால், 1952இல் பேராதனையில் குடியேறிய பல்கலைக்கழகம், மாணவர் அங்கேயே தங்கிப் பயிலவேண்டும் என்ற கொள்கையில் எழுந்தது. தங்குவதும் கல்வியின் கூறென்றால், அதற்கான செலவை ஏழையின் தலையில் மட்டும் சுமத்துவது என்ன நியாயம்?

மகாபொலவைக் காட்டுவார்கள். 1981இல் பிறந்த அவ்வுதவித்தொகை 2025இல் மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. நன்று. எனினும் அது சேர்ந்தபின் வரும் பணம். பெட்டியோ சேருமுன் நிரம்பவேண்டும்.

அனுமதிக் கடிதத்துடனேயே குடிபுகும் செலவுக்கும் பணம் வருக! நாம் கேட்பது பிச்சையன்று. இலவசக் கல்வி இன்னும் தீர்க்காத கடன்.