அரிசி வராத படை

யுத்த சரித்திரம் எழுதுகிறவர்கள் பீரங்கிகளையும் விமானங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அரிசி மூட்டையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். இவ்வாரம் நாம் அரிசி மூட்டையின் அருகில் நின்று ஒரு ஜப்பானியப் படையின் கதையைப் பார்க்க விரும்புகிறோம். நம் தேசத்து மலையொன்றில் குலைந்துபோன படை அது. ஆகையால் நமக்கு முற்றும் அந்நியமான கதை என்று சொல்வதற்கில்லை.

அதன் பெயர் முப்பத்தோராவது டிவிஷன். 1943-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் பாங்காக்கில் அது அமைக்கப்பட்டது. ‘உக்கிரம்’ என்று பொருள்படும் ‘ரெட்ஸு’ என்பது அதன் சங்கேதப் பெயர். ஜப்பானியர் காலாட்படை டிவிஷனை அமைக்கும் முறை அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு டிவிஷனில் நான்கு ரெஜிமெண்டுகள் இருந்தன. சீன யுத்த காலத்திலிருந்து புதிய டிவிஷன்களுக்கு மூன்றே போதும் என்று வைத்தார்கள். ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் மூன்று பட்டாளங்கள். இவற்றோடு பீரங்கிப் படையொன்றும், பாலம் கட்டுவோரும், சாமான் சுமக்கும் படையும், வைத்தியர்களும் சேர்ந்தால் டிவிஷன் முழுமையாகும். முப்பத்தோராவது டிவிஷனுடையவை மலைப் பீரங்கிகள். அவற்றைப் பகுதி பகுதியாகக் கழற்றி மிருகங்களின் முதுகில் ஏற்றிச் செல்லலாம்.

டிவிஷனைவிட ரெஜிமெண்டிலேயே ஜப்பானியச் சிப்பாய்க்குப் பற்று அதிகம். ஒரு ரெஜிமெண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஜில்லாவிலிருந்து ஆள் எடுப்பார்கள். சக்கரவர்த்தி அளித்த கொடி ஒன்று அதற்கு உண்டு. அந்தக் கொடி எதிரியின் கையில் சிக்குவதைவிடச் சாவதே மேல் என்று சிப்பாய்களுக்குப் போதிக்கப்பட்டது. நம் டிவிஷனில் சேர்ந்த மூன்றும் வெவ்வேறு டிவிஷன்களிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டவை. ஐம்பத்தெட்டாவது ரெஜிமெண்டு பனி மிகுந்த தகடா நகரத்துப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சீனப் போரில் பழகியது. நூற்று முப்பத்தெட்டாவது நாரா பிரதேசத்தது. மூன்றாவதான நூற்று இருபத்து நான்காவது ரெஜிமெண்டின் கதைதான் நம் மனத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

புகுவோகா பிரதேசத்து ஆட்கள் நிறைந்த அந்த ரெஜிமெண்டு, 1941-ஆம் வருஷக் கடைசியில் போர்னியோவிலும், பிறகு பிலிப்பைன் தீவுகளிலும் வெற்றி கண்டது. 1942 செப்டம்பரில் அதைக் குவாடல்கனால் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அமெரிக்க விமானங்களுக்கு அஞ்சி ஜப்பானியக் கப்பல்கள் பகலில் கரையை நெருங்க இயலவில்லை, அரிசி வரவில்லை. ‘பட்டினித் தீவு’ என்று சிப்பாய்களே அதற்குப் பெயரிட்டார்கள். 1943 பிப்ரவரியில் எஞ்சியோரைக் கப்பலேற்றி மீட்டபோது ரெஜிமெண்டு எலும்புக்கூடாக இருந்தது. அதற்குப் புதிய ஆட்களைச் சேர்த்து முப்பத்தோராவது டிவிஷனில் வைத்தார்கள். பட்டினியால் அழிந்த ஒரு படையைக் கையில் வைத்திருந்த சேனாபதிகள் அதனிடமிருந்து ஏதேனும் கற்றிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் கற்கவில்லை.

1944 மார்ச்சு நடுவில் அந்த டிவிஷன் சிந்த்வின் நதியைக் கடந்தது. பர்மாவிலிருந்து இம்பாலையும் கொஹிமாவையும் நோக்கி மூன்று டிவிஷன்கள் படையெடுத்தன. கொஹிமா இதன் பங்கு. மேல் தளகர்த்தரான முதகுச்சி, மூன்று வாரத்து ஆகாரத்தோடு காரியம் முடிந்துவிடும் என்று கணக்கிட்டார். அதற்குமேல் தேவையானால்? மாட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போனால் அவையே சாமானும் சுமக்கும், பிறகு உணவுமாகும்! மத்திய ஆசியாவின் செங்கிஸ்கானிடமிருந்து எடுத்த யோசனையாம். புல்வெளியில் நடந்த மந்தையை மழைக்காட்டு மலையில் ஓட்டமுடியாது என்பதை நம் ஊர் வண்டிக்காரன் சொல்லியிருப்பான். பல மாடுகள் நதியிலேயே போயின. பல மலைச்சரிவில் விழுந்தன.

ஏப்ரல் முதல் வாரத்தில் கொஹிமா முற்றுகையிடப்பட்டது. ஜில்லா அதிகாரியின் பங்களாவும் அதன் டென்னிஸ் மைதானமும் இருந்த மேட்டில், ஒரு மைதானத்தின் இரு ஓரங்களிலும் இரு படைகள் பள்ளம் தோண்டி இருந்தன. இரண்டு வாரத்துக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் முற்றுகையை உடைத்தன. அவர்களுக்கு விமானம் சாமான் போட்டது. திமாப்பூரில் பெரிய கிடங்கு இருந்தது. ஜப்பானியருக்கு நாகர்களின் கிராமங்களில் எடுத்த நெல்தான். தங்கள் சண்டையல்லாத சண்டையில் வீட்டையும் தானியத்தையும் இழந்த அந்த மலைவாசிகளைச் சரித்திர நூல்கள் ஓரிரு வரியில் தாண்டிவிடுவது நமக்கு வருத்தமளிக்கிறது.

அதே படையெடுப்பில், தெற்கே பாலேல் முனையில், நேதாஜியின் காந்தி ரெஜிமெண்டு இதே பசியையும் இதே மலேரியாவையும் அனுபவித்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தனர் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

டிவிஷனின் தலைவரான லெப்டினெண்ட் ஜெனரல் ஸாத்தோ கோத்தோகு, வாக்களித்த சாமான் வரவில்லை என்று தந்திமேல் தந்தி அடித்தார். பதில் வந்தது, அரிசி வரவில்லை. மே மாதக் கடைசியில் தாம் பின்வாங்கப்போவதாக அறிவித்தார். இராணுவ விசாரணைக்கு நிறுத்துவோம் என்று மேலிடம் பயமுறுத்தியது. அவர் பொருட்படுத்தவில்லை. ஜப்பானிய சைன்யத்தில் ஒரு டிவிஷன் தலைவர் உத்தரவை மீறித் தம் படையைத் திருப்பியது அதற்குமுன் கேளாத சங்கதி. மேஜர் ஜெனரல் மியஸாக்கியை ஒரு சிறு படையோடு பாதையைத் தடுக்க விட்டுவிட்டு, மற்றவர்கள் மழையில் திரும்பி நடந்தார்கள். ஆகாரம் இருக்கும் என்று சொல்லப்பட்ட உக்ரூலிலும் ஒன்றுமில்லை. நோயாளிகள் வழிநெடுக விழுந்தார்கள். ஜூன் 22-ஆம் தேதி இம்பால் பாதை திறந்துவிட்டது. படையெடுப்பில் சென்ற சுமார் 85,000 ஜப்பானியரில் ஏறக்குறைய 30,000 பேர் மாண்டனர். துப்பாக்கியால் மாண்டவரைவிடப் பசியாலும் நோயாலும் மாண்டவரே அதிகம்.

ஸாத்தோ விசாரணையை விரும்பினார். சபையில் நின்று எல்லாவற்றையும் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் டிவிஷன் தலைவரைச் சக்கரவர்த்தியே நியமிப்பது வழக்கம். விசாரணை என்றால் விஷயம் அவர் சந்நிதிவரை போகும். எனவே வைத்தியர்களை அனுப்பி, ஸாத்தோவுக்குச் சித்தம் சரியில்லை என்று எழுதி வாங்கி, பதவியை விட்டு நீக்கினார்கள். முதகுச்சியும் அவ்வருஷமே நீக்கப்பட்டார். எஞ்சிய டிவிஷனுக்கு ஆள் சேர்த்து 1945-இல் மறுபடியும் ஐராவதி நதிக்கரையில் நிறுத்தினார்கள். ஸாத்தோ 1959-இல் காலமானார். அவர் கேட்ட விசாரணை நடக்கவேயில்லை.