அந்த மூலைக் கணினி யாருடைய பட்டியலில் இருக்கிறது?

எங்கள் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். பதவியின் பெயர் என்னவோ லேப் அட்டெண்டர்தான். ஆனால் எந்த வயர் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, எந்த யு.பி.எஸ். மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும், தேர்வுப் பிரிவின் சர்வரை எந்த வரிசையில் அணைத்து எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் ஒருவருக்கே தெரியும். தமிழ்த்துறையில் எழுத்துருக்கள் கட்டம் கட்டமாய்த் தெரிந்து எங்களைப் படாதபாடு படுத்திய காலத்தில், அவர்தான் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாகச் சரிசெய்து கொடுத்தார். "சார், இனிமே அந்தப் பழைய ஃபான்ட் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் மறுபடியும் அதன் பக்கம் போவோம். அவரும் மறுபடியும் வருவார்.

சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் அவரை நிறுத்திவிட்டு, முழுப் பணியையும் வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. முன்பெல்லாம் ஏ.எம்.சி. என்போம். கருவி பழுதானால் ஆள் வருவார். இது அப்படியல்ல, 'மேனேஜ்டு சர்வீஸ்' என்றார்கள். மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தினால், பழுதே நேராமல் தூரத்திலிருந்து கண்காணிப்பார்கள். வைரஸ் தடுப்பு, படியெடுப்பு, கடவுச்சொல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூட்டத்தில் இதற்கு ஆதரவாக நானும் கை தூக்கினேன். அதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது நேர்மையாகாது. 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். கை தூக்கிய அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

சென்ற பருவத்தில், அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளில், தேர்வுப் பிரிவின் சர்வர் எழவில்லை. உதவி எண்ணை அழைத்தோம். புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வரும் என்பது ஒப்பந்தம், வந்தது. "என்ன பிரச்சினை என்று விளக்கமாகத் தெரிவிக்கவும்" என்பதே அந்தப் பதில். ஒப்பந்தத்தின் கண்களுக்கு அதுவும் பதில்தான். எங்கள் கல்லூரியைக் கவனித்துவந்த பொறியாளர் இரண்டு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது மூன்றாவது அழைப்பில்தான் தெரிந்தது. புதியவர் எங்கள் சர்வரின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டார்.

வேறு வழியின்றிப் பழைய அட்டெண்டரைத் தேடிப் போனோம். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்தார். சர்வரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நூலகத்தின் பின்னறைக்குப் போய், மூலையில் தூசு படிந்து கிடந்த ஒரு பழைய கணினியின் திரையைப் போட்டார். இரவுதோறும் மதிப்பெண் கோப்புகளை ஒரு படி எடுத்து இதில் வைக்கும்படி அவர் எப்போதோ அமைத்திருக்கிறார். அவர் போன பிறகும், யாரும் சொல்லாமலே, அது படியெடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. முந்தைய இரவு வரையிலான மதிப்பெண்கள் அத்தனையும் இருந்தன. புதிய நிறுவனத்தின் கருவிப் பட்டியலில் அந்தக் கணினி இடம்பெறவே இல்லை. பட்டியலில் இருந்திருந்தால் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம். "கடை பூட்டிக் கிடக்கு சார், சீக்கிரம் போகணும்" என்று தேநீரைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் இந்தக் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். 'அவுட்சோர்ஸிங்' என்பதற்கு 'அயலாக்கம்' என்று ஒரு சொல் செய்து வைத்திருக்கிறார்கள். கலைச்சொல் வரிசையில் இவ்வளவு உண்மை பேசும் சொற்கள் அதிகமில்லை. நம்முடையதாக இருந்த ஒன்றை அயலாக ஆக்குவது என்ற பொருள் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அயலாவது எது என்பதுதான் என் கேள்வி. உழைப்பா, அறிவா?

கணினிப் பணியைப் பிறரிடம் ஒப்படைப்பது புதியதல்ல. 1962இல் டல்லஸில் ராஸ் பெரோ தொடங்கிய இ.டி.எஸ். நிறுவனத்தின் தொழிலே அதுதான். 1989இல் கோடாக் தன் கணினி மையப் பணிகளை ஐ.பி.எம்.மிடம் ஒப்படைத்தபோது, இவ்வளவு பெரிய நிறுவனமே கொடுக்கிறதென்றால் நாமும் கொடுக்கலாமே என்று மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அந்த ஏற்பாட்டில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. வேலையோடு சேர்ந்து வேலையாட்களும் ஐ.பி.எம்.முக்கு மாறினார்கள். சம்பளம் கொடுப்பவர்தான் மாறினார். எந்த வயர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர் அங்கேயே இருந்தார். நாங்கள் செய்தது அதுவல்ல. வேலையைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பினோம்.

இந்த முறையையே நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இருபது பேர் வேலைசெய்யும் ஒரு சிவகாசி அச்சகம், இரவும் பகலும் வலையமைப்பைக் கண்காணிக்கத் தனியாக ஆள் வைக்க முடியாது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் எல்லாம் படுத்துவிடும் என்ற நிலையும் ஆபத்தானதே. எங்கள் அட்டெண்டரே ஒருமுறை மகளின் திருமணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போனபோது நாங்கள் பட்ட பாட்டை மறந்துவிடவில்லை. பலருக்குச் சேர்த்துச் சேவை செய்யும் நிறுவனத்திடம் ஒரு தனி ஆளிடம் இல்லாத கருவிகளும் அனுபவமும் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பலருக்குச் சேர்த்துச் செய்வதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. 2021 ஜூலை 3ஆம் தேதி, சனிக்கிழமை, ஸ்வீடனில் 'கூப்' என்ற பல்பொருள் அங்காடியின் ஏறத்தாழ 800 கிளைகள் மூடப்பட்டன. அரிசியோ ரொட்டியோ தீர்ந்துவிடவில்லை. கல்லாப் பெட்டிகள் இயங்கவில்லை. முந்தைய நாள் அமெரிக்க நிறுவனமான கசேயாவின் மென்பொருள் வழியாக 'ரேவில்' என்ற கும்பல் தாக்குதல் நடத்தியிருந்தது. கூப் கசேயாவின் வாடிக்கையாளரே அல்ல. கூப்பின் கல்லாக்களைப் பராமரித்த வேறொரு நிறுவனம், தொலைவிலிருந்து கணினிகளைக் கையாள அந்த மென்பொருளைப் பயன்படுத்தியது. இப்படிப் பிறருடைய கணினிகளைப் பராமரிப்பவர்கள் கையில் வைத்திருந்த கருவி அது. ஒரே திறவுகோலில் ஆயிரம் வீடுகள் திறக்கும். கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்களில் பாதிக்கப்பட்டவர்கள் ஐம்பது அறுபது பேர்தான். அவர்களை நம்பியிருந்த சிறு நிறுவனங்களோ 1,500 வரை என்று கசேயாவே சொன்னது. கும்பல் கேட்ட தொகை 7 கோடி டாலர். மென்பொருளில் இருந்த ஓட்டையை நெதர்லாந்தைச் சேர்ந்த தன்னார்வ ஆய்வாளர்கள் ஏப்ரலிலேயே கண்டு கசேயாவுக்குத் தெரிவித்திருந்தார்கள் என்பதும், அடைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே திருடன் புகுந்துவிட்டான் என்பதும் இதன் சோகம். பால் வாங்க வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய ஸ்வீடன் மூதாட்டிக்குக் கசேயா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருங்கியது. 2023 ஆகஸ்டில் துப்புரவுப் பொருட்கள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான கிளோராக்ஸ் ஊடுருவப்பட்டது; கடைகளுக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் தவித்தது. 2025 ஜூலையில் அது காக்னிசன்ட் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. கிளோராக்ஸின் ஊழியர்களுக்கான உதவி மேசையைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தது காக்னிசன்ட். ஊழியர்போல் நடித்து ஒருவன் தொலைபேசியில் அழைத்தான், கடவுச்சொல் இல்லை என்றான், மறுமுனையில் இருந்தவர் அவன் யாரென்று சரிபார்க்காமலே புதிய கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார் என்பது மனுவின் சாரம். கேட்கும் இழப்பீடு 38 கோடி டாலர். பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல, உதவி மேசை என்ற குறுகிய பணிக்கே எங்களை அமர்த்தினார்கள், அதைச் சரியாகவே செய்தோம் என்பது காக்னிசன்டின் மறுமொழி. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்த மறுமொழியில் 'குறுகிய பணி' என்ற தொடர்தான் என்னை நிறுத்தியது. ஒருவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, வாசலைக் காக்கும் வேலை உன்னுடையதல்ல என்று எழுதி வாங்கிக்கொள்ள முடியுமா?

காக்னிசன்ட் 1994இல் சென்னையில் பிறந்த நிறுவனம். அந்தத் தொலைபேசியை எடுத்தவர் எந்த ஊரில் இருந்தார் என்பதல்ல இங்கே பேச்சு. அதே வகை வேலைக்கு என் மாணவர்கள் ஆண்டுதோறும் போகிறார்கள். வேறொரு நிறுவனத்தில் இரவுப்பணி பார்க்கும் ஒரு பி.ஏ. தமிழ் மாணவன் விடுமுறையில் வந்தபோது சொன்னான்: "ஐயா, ஒரு காலுக்கு ஆறு நிமிஷம்தான். ஏழாச்சுன்னா டீம் லீட் கூப்பிடுவார். சந்தேகப்பட்டு ரெண்டு கேள்வி கூடக் கேட்டா, கஸ்டமர் மார்க் குறைச்சுப் போடுவாங்க." அழைப்பவரின் குரலையோ முகத்தையோ அவன் அறியான். எங்கள் அட்டெண்டரிடம் யாராவது தொலைபேசியில் முதல்வர் பேசுகிறேன் என்று கடவுச்சொல் கேட்டிருந்தால், சிரித்திருப்பார். எங்கள் முதல்வர் யாரிடமும் எதையும் தொலைபேசியில் கேட்பவர் அல்லர் என்பது அவருக்குத் தெரியும். இந்த அறிவுக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை. ஆகவே அது இருந்ததும் கணக்கில் வரவில்லை, போனதும் வரவில்லை.

பதில் சொன்ன வேகத்தையும் மூடிய புகார்களின் எண்ணிக்கையையும் அளக்கிறோம். அளக்கப்படுவதையே நிறுவனம் கொடுக்கிறது. அதில் அவர்கள் குற்றம் குறைவு. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவரைக்கூட நம் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதது நம் குற்றம். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் வேலை செய்பவரே நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட இருக்கிறது. செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நிறுவனம் தொடரட்டும், ஆனால் கல்லூரியின் சம்பளப் பட்டியலில், இந்தக் கட்டடத்தின் கணினிகளை அறிந்த ஒருவர் இருக்க வேண்டும், எல்லாக் கடவுச்சொற்களின் ஒரு படி முத்திரையிட்ட உறையில் முதல்வர் அறைப் பெட்டகத்தில் இருக்க வேண்டும், படியெடுத்த கோப்புகளைப் பருவத்துக்கு ஒருமுறை எங்கள் கண்ணெதிரில் மீட்டுக் காட்ட வேண்டும். கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதினேன். கொடுத்துப் பதினோரு நாள் ஆகிறது. நேற்று ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனபோது, அந்த மூலைக் கணினியின் மின்விசிறியில் ஒரு சத்தம் வருகிறது, மழைக்கு முன் மாற்றிவிடச் சொல்லுங்கள் என்றார். யாரிடம் சொல்வது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.